வாயில் இருப்பதை முழுங்கிவிட்டுத் திட்டவும்

டுலூத், மினசோட்டா
ஜனவரி 2006, பனி ஜன்னலின் பாதி வரை

டூசான் பாலைவனத்தின் பேரரசியும் எனக்கு வாய்த்த ஒரே மருமகளுமாகிய மாரிட்டுக்கு, வடதுருவத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கும் ரெய்னோ மாமா எழுதுவது. கூப்பிட்டால் எனக்குக் கேட்காது என்பது வேறு விஷயம்.

நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்: இந்தக் கடிதத்தில் சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். ஒருவரும் நம்பமாட்டார்கள். சொல்லிக்கொண்டு வரும்போதே நானும் பாதியில் நம்புவதை நிறுத்திவிடுவேன் என்று தோன்றுகிறது.

உன் கடிதம் கிடைத்தது. காது கேளாத கிழவனும் கிழவியும் இந்தக் குளிரில் தனியாக இருந்தது போதும், கடைக்காரர்கள் உங்கள் போனைக்கூட எடுப்பதில்லை, பிப்ரவரியில் லாரியோடு வந்து இருவரையும் மூட்டை கட்டி எடுத்துப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில்தான் இந்தக் கதை.

போன செவ்வாய்க்கிழமை காலை ஹீட்டர் செத்துப்போனது. அன்றைய குளிர் சாமானியக் குளிர் இல்லை. ஏரி பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கியதை என் கண்ணால் பார்த்தேன். வாசல் மணிக்கு எரியும் விளக்கு மினுக்கியது. போய்த் திறந்தால் ஒரு கரடி, கம்பளி இரவல் கேட்கிறது. அத்தை சமையலறையிலிருந்து 'சூப் ஆறுது, வந்து குடி' என்று எங்கள் சைகை மொழியில் கை காட்டினாள். 'சூப்' வந்து சேர்ந்தது. 'ஆறுது' வந்து சேர்ந்தது. 'குடி' மட்டும் பாதி வழியில் உறைந்து அந்தரத்தில் நின்றுவிட்டது. அதைப் பறித்துக் கெட்டில் ஆவியில் காட்டி உருக்கித்தான் படித்தேன்.

அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை. நுரையீரலில் சளி இன்னும் இருக்கிறது, சூடாகவே இருக்கணும் என்று டாக்டர் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டிலிருந்த ஸ்வெட்டர் அத்தனையையும் அவள் மேல் ஏற்றி, மேலே என் கோட்டையும் போட்டேன். கடைசியில் ஒரு மூக்கும் இரண்டு கையும்தான் மிச்சம். அவள் இருமுவது எனக்குக் கேட்காது, மாரிட். தோள் குலுங்குவது தெரியும்.

பக்கத்து வீட்டார் வழக்கம்போல பனி உருகும்வரை ஃபுளோரிடாவில். கார் எங்கே புதைந்திருக்கிறது என்பது கடவுளுக்கும் மாநகராட்சிக்கும்தான் தெரியும். முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் உன்னை நாற்காலி மேல் ஏற்றிப் போன் பேச வைப்போம். பல் விழுந்த வாயோடு பாங்க் மேனேஜரையே அதட்டினவள் நீ. அதனால் இப்போதைய ஏற்பாடு உனக்கு அவ்வளவாகத் தெரிந்திருக்காது. நான் கணினியில் தட்டுவேன். எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் அதைக் கடைக்காரனுக்கு வாய்விட்டுப் படிப்பாள். அவன் பேசுவதை எனக்குத் தட்டி அனுப்புவாள். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. அவன் தும்மினால் தும்மல் என்று வரும். ஒருவர் முடித்ததும் 'மேலே சொல்லுங்க' என்று போட்டால் அடுத்தவர் முறை என்று அர்த்தம். அவளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

இந்த நல்ல ஏற்பாட்டுக்குள்தான் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். காது முயல் மாதிரிக் கேட்கிற திருடர்கள்! காது கேளாதவன் என்று சொல்லிக்கொண்டு, யாருடைய கார்டு நம்பரையோ கொடுத்து, 'இருபது ஜெனரேட்டர் அனுப்பு, உடனே அனுப்பு, ஆண்டவன் உன் குடும்பத்தைக் காப்பாத்துவான்' என்று தட்டுகிறார்கள். பொய் என்று நன்றாகத் தெரிந்தாலும் அந்தப் பெண் அதைப் படித்தே ஆகவேண்டும். நாள் முழுக்க அடுத்தவன் பொய்யைத் தன் குரலில் சொல்வது என்ன பிழைப்போ, பாவம். கடைக்காரனும் பாவம்தான்; சரக்கு கப்பலேறின பிறகுதான் அது திருட்டுக் கார்டு என்று அவனுக்குச் சேதி வரும். ஆகவே 'காது கேளாத ஒருவர்' என்று அவள் வாயைத் திறந்ததுமே போனை வைத்துவிடுகிறார்கள். டொக் என்று ஒரு சத்தம் வருமாம். எனக்கு 'வைத்துவிட்டார்' என்று எழுத்து வரும்.

ஹீட்டர் பழுது பார்க்கிற முதல் கடைக்காரர் போனை வைத்துவிட்டார். இரண்டாவது கடைக்காரரும் வைத்துவிட்டார். மூன்றாவது ஆள், 'உங்களை நம்பி நான் அழிஞ்சது போதும்யா' என்று ஒரு வாக்கியம் தானம் செய்துவிட்டு வைத்தார். நான்காவது எல்ராய் என்கிறவன் கடை. அவன் அடுத்தடுத்து இரண்டு முறை வைத்தான்.

அத்தை ஸ்வெட்டர் மலையிலிருந்து கையை வெளியே நீட்டி, 'மாரிட்டை வரச் சொல்லிடலாமா?' என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எங்கள் மொழியில் பதில் சொல்லாமல் தப்பிக்க அதுதான் சுலபமான வழி.

திரும்பி வந்து எல்ராயையே மறுபடி கூப்பிட்டேன். இந்தத் தடவை திரையில் வந்ததை அப்படியே தருகிறேன். '(நாய் குரைக்கிறது) (மென்றுகொண்டே) மறுபடியும் அந்தச் செவிட்டு வேஷக்காரன்டி! ஜெனரேட்டரைத் தின்னது பத்தலையாம். அவனுக்குக் காது கேக்கலைன்னா எனக்குக் கண்ணு தெரியாது, போ! (தூரத்தில் ஒரு பெண்) என்ன வேணுமாம்னுதான் கேளேன் எல்ராய்.'

போனைக் கையால் பொத்தவில்லை, புண்ணியவான். பொத்தினாலும் எனக்குத் தட்டி அனுப்புகிற பெண்ணின் காதுக்குத் தப்பாது. நான் தட்டினேன்: 'ஐயா, முதல்ல வாயில இருக்கறதை முழுங்கிட்டு அப்புறம் திட்டுங்க, தொண்டையில அடைச்சுக்கப் போகுது. நாய்க்கு அவசரம்போல, வெளிய விடுங்க. பின்னால பேசற அம்மா சொல்றதைக் கேளுங்க. உங்க வீட்டுல புத்தி அவங்ககிட்டதான் இருக்கு. மேலே சொல்லுங்க.'

'(மௌனம்)' என்று வந்தது. அந்த மௌனம் முடிவதற்குள் என் தாடி ஒரு முழம் வளர்ந்துவிட்டது. பிறகு, தட்டுகிற பெண்ணையே அவன் கேட்டது, 'ஏம்மா, இதையெல்லாமா அவருக்குச் சொன்னே?' என்று வந்தது. 'அய்யோ, இதையுமா எழுதுறே?' என்று வந்தது. 'நிறுத்தும்மா தாயே!' என்பதும் வந்தது. கவனித்தாயா? 'வேஷக்காரன்', 'அவன்' என்று இருந்த நான் 'அவர்' ஆகிவிட்டேன்.

இருந்தாலும் சூடுபட்ட பூனை இல்லையா? 'சரி, எத்தனை வேணும், எந்த ஊருக்கு அனுப்பணும்?' என்று கேட்டான். நான் சொன்னேன்: 'ஒண்ணும் அனுப்ப வேணாம். நீங்கதான் வரணும். ஹீட்டர் இங்கேயே செத்துக் கிடக்கு. கார்டும் கிடையாது, ரொக்கம்தான். என் பெண்டாட்டி நிமோனியாவுல கிடந்து இப்பத்தான் எழுந்து உக்காந்திருக்கா. வாசல்ல நிக்கறேன், வந்து என் மூஞ்சியைப் பாருன்னு எந்தத் திருடன் சொல்வான்? மேலே சொல்லுங்க.'

'(பெண்) எழுந்திரு. கோட்டை மாட்டு.' அவ்வளவுதான் வந்தது.

நானும் தட்டி முடித்தேன்: 'அவருக்கு நன்றி, அந்த அம்மாவுக்கு நன்றி, இவ்வளவையும் தட்டின உங்களுக்கும் நன்றி.' கடைசியாகத் திரையில் '(சிரிப்பு)' என்று ஒரு சொல் வந்தது. யார் சிரித்தது என்று அவள் போடவில்லை.

எல்ராய் வந்தான். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. அவன் நிழலில் டுலூத்தில் பாதி ஊர் இருட்டிவிட்டது. பனியில் நின்றபடியே எங்கள் இருவரையும் பார்த்து, விரித்த உள்ளங்கையை நெஞ்சில் வைத்து வட்டமாகத் தேய்த்தான். அது 'தயவுசெய்து'. விரலை மடக்கி முஷ்டியாகத் தேய்த்தால்தான் 'மன்னிச்சிருங்க'. பெண்டாட்டி சர்ச்சில் கற்றதைப் புறப்படும் அவசரத்தில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாளாம். வழியிலேயே விரல் விரிந்துவிட்டது. அத்தை, 'இவன் எதுக்கு நம்மளைக் கெஞ்சறான்? இன்னும் பில்லே போடலையே' என்று கை காட்டிச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் அவன் விரல்களைப் பிடித்து மடக்கப் போனேன். 'விடு, அதுவும் நல்லாத்தான் இருக்கு' என்றாள்.

ஹீட்டர் வயிற்றில் ஏதோ ஒரு விரலளவு சாமான் உடைந்திருந்தது, மாற்றினான். வீடு மெல்லச் சூடேறியது. காப்பி குடிக்கும்போது ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான்: நிமோனியா என்று படித்த இடத்தில் அந்தப் பெண்ணின் குரல் தடுக்கியதாம். முன்பு அவனை ஏமாற்றிய திருடனுக்காகப் படித்த குரல் தடுக்கவில்லையாம். சொல்லைக் கூட்டாதே, குறைக்காதே என்றுதான் விதி. குரல் தடுக்கக் கூடாது என்று எழுத மறந்துவிட்டார்கள் போலும்.

மற்ற மூன்று கடைகளும் நாளைக்கும் வைத்துவிடும், அதையும் மறைக்கவில்லை. அந்தச் சேவையையே இழுத்து மூடணும் என்று கோபத்தில் எழுதியிருந்தாய். மூடினால் திருடன் வேறு ஓட்டை தேடிக்கொள்வான். எங்களுக்கு இருப்பது இந்த ஒரு கதவுதான். இதைத் திரும்பத் திரும்பத் தட்ட எனக்குத் தெம்பு இருக்கிறது. தட்டுகிற இடத்தில் நாங்களே இருக்கணும், அவ்வளவுதான். நீ வா. லாரி வேண்டாம். அத்தை ஏலக்காய் ரொட்டி சுட்டு வைப்பாள். திரும்பிப் போகும்போது அதை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போ.

சரி, கரடி பொய். உறைந்த 'குடி' பொய். தாடியும் பொய். ஆனால் நீ நம்பியே ஆகவேண்டிய ஒரே ஒரு சின்ன விஷயம் நிஜம்: ஒரு பெரிய மனுஷன் பனியில் நின்று, தப்பான சைகையாக விரித்த கையை நெஞ்சில் வைத்துத் தேய்த்தது. இதை எழுதி முடித்துவிட்டு, உன் ஊர் இருக்கும் திசையைப் பார்த்து நானும் அதையே செய்கிறேன், மாரிட். விரல் விரிந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்று கேட்காதே.

நீ நன்றாயிரு கண்ணு. மேலே சொல்லு.

உன்
ரெய்னோ மாமா