வெயிட்டிங் லிஸ்டில் தாய்மாமன்

வைகாசி 6, திங்கள்

காலை ஒன்பதுக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடைக்குத் தார்ப்பாய் லோடு வந்தது. நீலம் சரி. கறுப்பில் இரண்டு ரோல் ஓரம் கிழிசல். திருப்பி அனுப்பியாச்சு.

பதினொரு மணிக்குப் பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை போன். தங்கச்சி செல்வியின் வீட்டுக்காரர். வருகிற ஞாயிறு சின்னவன் கவினுக்குக் காது குத்து. "மச்சான், மடி உங்களுதுதான். வந்துருங்க."

பேசியதெல்லாம் அவர். செல்வி லைனுக்கு வரவில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது, பக்கத்தில்தான் நின்றிருப்பாள். இரண்டு வருஷமாக என்னோடு நேர்ப் பேச்சில்லை.

குறை அவள் மேல் இல்லை. மூத்தவள் யாழினிக்குக் காது குத்தினபோது நான் போய்ச் சேரவில்லை. தாய்மாமன் மடி காலி. மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்தினார்கள். அந்தப் போட்டோ அவர்கள் ஹாலில் தொங்குகிறது. என் வீட்டுக்காரி மீனா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். இனி அந்த வீட்டில் காது குத்த வேறு பிள்ளை இல்லை. இதை விட்டால் போச்சு.

சனிக்கிழமைக்குப் பெங்களூர் பகல் ரயில், எனக்கும் மீனாவுக்கும். வெயிட்டிங் 23, 24.

வாங்க வேண்டியது: தேங்காய் 21. கடுக்கன் (நகைக்கடையில் சொல்லியாச்சு). சின்ன சைஸ் பட்டு வேட்டி. வெல்லம், மஞ்சள், வெற்றிலை. செல்விக்குப் புடவை. நிறம் மீ. பார்த்துக்கொள்வாள்.

வைகாசி 8, புதன்

வெயிட்டிங் 14, 15. இறங்குகிறது.

சாயங்காலம் வியாபாரிகள் சங்கக் கூட்டம். காளவாசல் சிக்னலில் மாட்டி அரை மணி லேட். போனபோது செயலாளர் மனுவை வாசித்துக்கொண்டிருந்தார். ஓடுதளத்தை நீட்ட வேண்டும், பெங்களூருக்கு விமானம் கூட்ட வேண்டும் என்று.

எழுந்து பேசினேன். "அண்ணே, ஆகாசத்துல ஒரு மணி நேரந்தான். வீட்டு வாசல்ல இருந்து அந்த வீட்டு வாசல் வரைக்கும் கணக்குப் போடுங்க. ரெண்டு மணி நேரம் முன்னாடியே போகணும். பெல்ட்டக் கழட்டு, செருப்பக் கழட்டு. லேட்னா ஏன்னு சொல்ல ஆள் இல்ல. அங்கிட்டு இறங்கி ஊருக்குள்ள போக இன்னொரு ரெண்டு மணி நேரம். ரயில்ல ஏறுனா உக்காந்துக்கிட்டே ஊருக்கு நடுவுல இறங்கலாம். ஒரு பகல் வண்டி விட்டதுக்கே இம்புட்டுக் கூட்டம். இன்னொண்ணு கேளுங்க. இருக்கிறதுல ரெண்டு பெட்டி சேக்கச் சொல்லுங்க."

பாதிப் பேர் தலையாட்டினார்கள். பாத்திரக்கடை பாய் எழுந்து, "அண்ணனுக்கு ஒரு பிளைட்டு கேன்சல் ஆனாலும் ஆச்சு, ரயில்வே மந்திரி ஆயிட்டாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டைத்தான் எடுத்தேன்.

இங்கே எழுதாமல் வேறெங்கே எழுத? யாழினிக்குக் காது குத்தின அன்று பிளைட் கேன்சல் ஆகவில்லை.

லேட் என்பது உண்மை. காலை ஆறு மணி பிளைட், ஏழு என்றார்கள், பிறகு ஏழரை. என் கையில் மஞ்சள் பூசிய சீர்த் தேங்காய் ஒன்று. முதல் தேங்காயைச் சாமி கும்பிட்டுக் கையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டிக்குள் போடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சோதனை செய்கிற இடத்தில் நிறுத்திவிட்டார்கள். கையில் கொண்டுபோக அனுமதி இல்லை, அந்தத் தொட்டியில் போடுங்கள் என்றார் சோதனை செய்த அம்மா. மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு ஏறிவிட்டது. "சாமிக்கு வச்ச தேங்காயக் குப்பையில போடச் சொல்றீங்களா?" மேலதிகாரியைக் கூப்பிடு என்றேன். அவர் வந்தார். அவரிடமும் அதையே. மீ. சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "குடுத்துட்டு வாங்க, பிள்ளை மடி இல்லாம உக்காந்திருக்கும்." காதில் விழவில்லை. சண்டை முடிந்து போனால் கதவை மூடியிருந்தார்கள். அதில் ஏறியிருந்தால் முகூர்த்தம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

முந்தின நாள் ராத்திரி ரயிலில் போயிருந்தால் இந்த வம்பே இல்லை. மச்சான் பிளைட்டில் வந்து இறங்கினார் என்று மாப்பிள்ளை வீட்டார் பேச வேண்டும். சைக்கிளில் சாக்குக் கட்டி விற்றவனுக்கு அப்படி ஓர் ஆசை.

போனில் கேன்சல் என்று சொன்னேன். மீ. பக்கத்தில் நின்றாள். இன்றுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை.

வைகாசி 9, வியாழன்

வெயிட்டிங் 9, 10. தேங்காய் வந்தது, வண்டியூர்ப் பக்கத்துத் தோப்புக் காய். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்தேன். ஒன்று அழுகல், மாற்றியாச்சு. லேசான தூறல், மண் நனையவில்லை.

வைகாசி 10, வெள்ளி

சார்ட் போட்டுவிட்டார்கள். 3, 4. அதோடு நின்றது. டிக்கெட் தானாகவே ரத்து.

ரயில் வேண்டும் ரயில் வேண்டும் என்று கத்துகிறேன். ரயிலில் இடம் இல்லை. இதை மனுவில் முதல் வரியாக எழுதச் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை போன். "நாளைச் சாயங்காலப் பிளைட்ல ரெண்டு சீட் இருக்கு மச்சான். போட்டுறவா?" போனைக் கையால் பொத்திக்கொண்டு மீ.யைப் பார்த்தேன்.

"போட்டா மட்டும்? திரும்பத் தேங்காயக் கையில வச்சுக்கிட்டு நிப்பீங்க. இந்தத் தடவை நான் ஒத்தையாப் போயிருவேன், சொல்லிட்டேன்."

"மடியில யாரு உக்கார வைக்கிறதாம்?"

"நானே உக்கார வச்சுக்கிருவேன்."

செய்வாள்.

பிளைட் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, உட்கார்ந்து ரயில் டைம் பார்த்தேன். காலை வண்டியில் கரூர். அங்கே மாறிச் சேலம். சேலத்தில் கேரளத்திலிருந்து வருகிற பகல் வண்டி, ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள் பெங்களூர். மூன்றும் சாதாரண டிக்கெட். ஒன்று தவறினாலும் சேலத்திலிருந்து பஸ் இருக்கிறது. கதவை மூடிக்கொண்டு போகிற சங்கதி இல்லை.

இருபது தேங்காயை வைக்கோல் போட்டு இரண்டு சாக்கில் கட்டினேன். என் கட்டு. அவிழாது. மஞ்சள் தேங்காய் தனியே, கையில்.

வைகாசி 11, சனி

கரூர் வண்டியில் எழுதுகிறேன். கை ஆடுகிறது. திண்டுக்கல்வரை நின்றேன். மீ.க்கு ஓரத்தில் இடம். இடம் கொடுத்த கொய்யாப்பழக்கார அம்மா சாக்கைத் தொட்டுப் பார்த்தது.

"என்ன தம்பி, தேங்கா யாவாரமா?"

"இல்லக்கா. தங்கச்சி மகனுக்குக் காது குத்து. சீரு."

"தாய்மாமன் சீரா? அதக் கக்கூஸ் பக்கம் வச்சிருக்கியே, கூறு இருக்கா?" கூடையை நகர்த்தி உள்ளே இழுத்துப் போடச் சொன்னது. எதிர் சீட்டுப் பெரியவர் காலைத் தூக்கிச் சாக்கின்மேல் வைக்கப் போனார். "யோவ், சீருய்யா!" என்று ஒரே அதட்டல். பெரியவர் இப்போதும் காலை மடக்கியே உட்கார்ந்திருக்கிறார்.

மஞ்சள் தேங்காயை யாரும் பிடுங்கவில்லை.

சேலம். அரை மணி லேட், ஆனால் அடுத்த வண்டி முக்கால் மணி லேட். ஒன்றுக்கொன்று சரி. நடைமேடை மாற வேண்டியிருந்தது. கரூரிலிருந்து கூட வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒரு சாக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பேர்கூடக் கேட்கவில்லை.

எட்டரைக்கு வீடு. செல்விதான் கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணி." அம்புட்டுத்தான். எனக்குத் தண்ணீர்ச் சொம்பு யாழினி கையில் வந்தது. போட்டோவைப் பார்த்தேன். பெரிய போட்டோ.

வைகாசி 12, ஞாயிறு

இந்த ஊரில் மேகம், காலையில் குளிர்கூட. தட்டு இருபத்தொன்று. தேங்காயில் ஒரு விரிசல் இல்லை.

பத்தரைக்கு மடியில் உட்கார்ந்தான் கவின். உட்காரவில்லை, திமிறினான். காது குத்துகிற பத்தர் ஊசியை எடுத்ததும் என் கட்டை விரலைக் கடித்துவிட்டான். பல் பதிந்திருக்கிறது. நான் பிடியை விடவில்லை. இரண்டு காதும் முடிந்தது. கடுக்கன் எடுப்பாக இருக்கிறது.

பந்திக்கு முன்னால் எல்லோரும் ஹாலில். யாழினி வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, எனக்கு மட்டும் ஏன் வரல?"

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "அன்னைக்கு பிளைட் கேன்சல்டா."

விட்டிருக்கலாம். மீ. வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"கேன்சல் இல்ல பாப்பா. தேங்காயக் கொண்டு போகக் கூடாதுன்னாங்க. மாமா சண்டை போட்டேன். அதுக்குள்ள கதவ மூடிட்டாங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். தட்டோடு போய்க்கொண்டிருந்த செல்வி அப்படியே நின்றாள்.

யாழினி யோசித்தாள். "அந்தத் தேங்காய் என்னாச்சு?"

மீ.தான் சொன்னாள். "மறுநாள் சட்னி அரைச்சேன். உங்க மாமா ஆறு தோசை தின்னாரு."

செல்வி தட்டைக் கீழே வைத்தாள். "ஏண்ணே, உனக்கு வெக்கமா இல்ல? ரெண்டு வருஷம்! அந்தப் பிளைட்டுக்காரன நான் எம்புட்டு வஞ்சிருக்கேன் தெரியுமா?"

நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். இன்னும் நிறையச் சொன்னாள். பந்தி கால் மணி நேரம் லேட். இலை போட்டபோது எனக்கு அவளே பரிமாறினாள், கோபத்தோடு, கேட்காமலே இரண்டாவது வடை.

திரும்புகிற டிக்கெட் புதன்கிழமைக்குப் போட்டேன். பகல் ரயில். வெயிட்டிங் 31, 32. செல்வி போனை வாங்கிப் பார்த்தாள்.

"கன்பார்ம் ஆகுற வரைக்கும் இங்கேயே இரு."