நாலு புள்ளி, அஞ்சு பவுல்

செவ்வாய், 7

காலையில் மழை. முழங்கால் நேற்றே சொல்லிவிட்டது. வேலைக்கு அச்சுவேலி வரை பஸ்ஸில், குனிந்தபடியே. ஆறடி நாலு அங்குலத்துக்கு யாரும் பஸ் கட்டவில்லை.

வாங்க: நோவெண்ணெய், சைக்கிள் ரியூப், வதனிக்குத் தையல் நூல்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் புதுக் கூடைப்பந்துத் திடல். ஞாயிறு திறப்பு. பழைய ஆட்டக்காரர் பத்துப் பேரின் பெயர் கல்லில் வருமாம். எதை வைத்துத் தெரிவுசெய்வது என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் யோசித்தார். ஸ்கோர் புத்தகம் என்னிடம் இருக்கிறதென்றேன், பெருமையாக. இடம்பெயர்ந்தபோது அரிசி மூட்டைக்குள் வைத்துக் காப்பாற்றியது. அதிலுள்ள நாலு வருடமும் நான்தான் சென்ரர், வளையத்துக்கு அடியில் நிற்கிறவன். கொண்டுபோய்க் கொடுத்தேன். விரித்துப் பார்க்கவில்லை. விளையாடியவனுக்கு எதற்கு?

வியாழன், 9

வெயில். பட்டியலில் நான் இல்லை.

செயலாளர் புத்தகத்தைக் காட்டினார். புள்ளியும் பவுலும், அதாவது ஆட்டத் தவறும், மட்டுந்தான் எழுதியிருக்கிறார்கள். வளையத்தில் பட்டுத் திரும்பி வந்த பந்தை எட்டிப் பிடித்ததற்கு ஒரு கோடுகூட இல்லை. எங்கள் அணியில் புள்ளி போடுகிறவன் சிறீ. அவனை மறிக்க வந்தவர்களை நெஞ்சால் தடுத்தேனே, அது மட்டும் இருக்கிறது, பவுலாக. பக்கத்துக்குப் பக்கம் எனக்கு நாலு புள்ளி, அஞ்சு பவுல். அஞ்சாவதோடு வெளியே.

“குறை நினைக்காதேங்கோ அண்ணை. உங்கடை புத்தகத்தைத்தானே பாத்தனாங்கள்.”

என் தலையில் நானே மண்ணள்ளிப் போட்டேன்.

வெள்ளி, 10

சிறீ கனடாவிலிருந்து வந்துவிட்டான். கல்லில் முதல் பெயர் அவனுடையது. செயலாளரிடம் எனக்காக ஒரு சொல் சொல்லச் சொல்லி, வெட்கத்தை விட்டுக் கேட்டேன். தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.

“புத்தகத்திலை இல்லாததை நான் என்னெண்டு மச்சான் சொல்லுறது?”

மற்றவனுக்குத் தெரியாது, சரி. இவனுக்குத் தெரியும். அதுதான் வயிறெரிகிறது.

திறப்புக்குப் போகவேண்டாம் என்கிறாள் மனைவி வதனி. ரியூப் இன்னும் வாங்கவில்லை.

சனி, 11

மப்பு வானம். மத்தியானம் செயலாளரின் அழைப்பு. பட்டியலை மாற்றிவிட்டார்களோ என்று நெஞ்சு துள்ளியது. கேவலம்.

வளையத்துக்கு வலை கட்டவேண்டுமாம். ஏணி கிடைக்கவில்லையாம்.

“நீங்கள் எண்டால் ஒரு கதிரை காணும் அண்ணை.”

ஓம் என்று சொல்லித் தொலைத்தேன். போனேன். கல்லைத் துணியால் மூடியிருந்தார்கள். சிறீ கதிரையின் காலைப் பிடித்தான், நான் அதில் ஏறி நின்று பன்னிரண்டு கொளுக்கியும் மாட்டினேன். இறங்கியதும் அவன் ஒரு பந்து போட்டுப் பார்த்தான். விழவில்லை. வளையத்தில் பட்டுத் திரும்பியது. என் கை தானாக எழும்பிப் பிடித்தது.

அவனிடமே கொடுத்தேன்.