வரப்புக்கு அந்தப் பக்கத்து மண்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அது மெதுவாகத்தான் சரியாகும். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ராத்திரி டூட்டி முடிந்து வந்ததும் ஃபோனை நோண்டாமல் படுக்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். சித்தப்பா போய்விட்டார் என்று ஃபோனில் சொன்னபோது நீ ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய், அப்பா அவரிடம் பேசினாரா என்று. நான் பதில் சொல்லாமல், சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எழுதினால் நடுவில் அழுதாலும் உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடிந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். பொறுமையாகப் படி.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஏன் பேச்சை நிறுத்தினார்கள் என்பது உனக்குப் பாதிதான் தெரியும், நீ அப்போது வேலைக்காக வெளிநாடு கிளம்பும் அவசரத்தில் இருந்தாய். நிலத்தைப் பிரித்த அன்று அப்பா காலடியால் அளந்து, இதுவரை உனக்கு, இதுக்கு மேல் எனக்கு என்றார். சித்தப்பா, இருக்கட்டும் அண்ணே, ஒரு சர்வேயரை வைத்து அளந்துவிடலாமே என்றார். அவ்வளவுதான் நடந்தது. சர்வேயர் வந்து அளந்தார், அப்பா சொன்ன இடத்திலேயே வரப்பு வந்தது, அதுதான் வினையாகப் போய்விட்டது. தப்பாக வந்திருந்தால் அப்பா இரண்டு நாள் முறைத்துவிட்டு விட்டிருப்பார். என்னை நம்பாதவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றவர், சொன்ன சொல்லை ஏழு வருஷம் காப்பாற்றினார். ஒரே வரப்பில் எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், மற்றவர் பூமியைப் பார்ப்பார். நல்ல காரியத்துக்கு வைத்திருக்க வேண்டிய பிடிவாதத்தை எல்லாம் இதில் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

இந்த வருஷம் மக்காச்சோளத்தைப் புழு தின்று தீர்த்துவிட்டது, பயிரை மாற்றிப் பார்க்கலாம் என்று அப்பா சோயா விதை வாங்கி வந்தார். சித்தப்பா அந்தப் பக்கம் வருஷா வருஷம் அதைத்தான் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார், அவரைப் பார்த்துத்தான் ஆசை வந்தது என்று சொன்னால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். நம் மண் சோயாவுக்குப் புதுசு, விதையில் பாக்டீரியா கலந்துதான் விதைக்க வேண்டும் என்று கடையில் சில பாக்கெட்டுகள் கொடுத்தார்கள். பிரித்தால் கரித்தூள் மாதிரி இருந்தது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கிறதாம், வேருக்குள் குடியேறி, காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குச் சாப்பாடாக மாற்றிக் கொடுக்குமாம், பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்குமாம். விதையை ஆறின கஞ்சியில் பிசறி, அந்தத் தூளைப் போட்டுப் புரட்டி, நிழலில் உலர்த்தச் சொன்னார்கள். எல்லாம் முறையாகத்தான் செய்தோம். உன் அப்பா சும்மா இருப்பாரா, விதை அழுகிவிடக் கூடாதே என்று அதே தட்டில் பூஞ்சாண மருந்தையும் கொட்டினார். இரண்டும் மருந்துதானே, ஒரே வேலையாக முடியட்டும் என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது, பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு கையாலும் கலந்தேன்.

முளைப்பு என்னவோ பிரமாதமாக வந்தது. நாலு இலை விட்டதும் அடியிலிருந்து மஞ்சள் தட்ட ஆரம்பித்தது, வரப்பில் நின்று பார்த்தால் வயலுக்கே காமாலை வந்த மாதிரி இருந்தது. அப்பாவுக்கு யூரியா மூட்டையைப் பிரிக்கக் கை அரித்தது. நான் தடுத்து, வேளாண்மை ஆபீசில் இருக்கும் பெண்ணைக் கூட்டி வந்தேன். உன் வயசுதான் இருக்கும், எல்லோரும் மண் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். அவள் ஒரு செடியை மண்ணோடு தோண்டி வாளித் தண்ணீரில் அலசினாள். வேர் வெறும் வேராக இருந்தது. அந்தப் பாக்டீரியா குடியிருக்க இதில் உருண்டை உருண்டையாக முடிச்சு கட்டியிருக்கணும் அம்மா, ஒன்றுகூட இல்லையே, விதைக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டாள். அப்பா பெருமையாகச் சொன்னார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பூஞ்சையைக் கொல்கிற அந்த மருந்து பாக்டீரியாவையும் கொன்றிருக்கும் ஐயா, விருந்தாளியைக் கூப்பிட்டு வாசலிலேயே விஷம் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது என்றாள். யூரியாவும் போடாதீர்கள், உட்கார்ந்த இடத்தில் சோறு கிடைத்தால் செடி முடிச்சு கட்டாது என்றாள். புதுப் பாக்கெட் வருவதற்குள் பருவம் தாண்டிவிடும், பழைய வழி ஒன்று இருக்கிறது, இதே பயிர் நன்றாக விளைந்த நிலத்தில் அந்த உயிர் வருஷக்கணக்கில் தங்கியிருக்கும், வேர் அழுகல் நோய் இல்லாத இடமாகப் பார்த்து மண்ணை எடுத்து வந்து, செடி வரிசை ஓரமாகக் கீறி, போட்டு மூடித் தண்ணீர் பாய்ச்சினால் பிடித்தாலும் பிடிக்கும், உறுதி சொல்ல மாட்டேன் என்றாள். பக்கத்தில் அப்படி நிலம் உண்டா என்று கேட்டாள். அப்பா வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். இவ்வளவு கிட்டத்தில் இருந்தால் தானாக வராதா என்று நான் கேட்டேன். அதற்குக் காலா இருக்கிறது அம்மா, யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு என்றாள். டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குள் சித்தப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, இனி செய்ய ஒன்றும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள், அதைச் சித்தி உனக்குச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலையில் நானே போனேன். நிலம் கண்ணில் படட்டும் என்று கட்டிலை முன் அறையில் ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தார்கள். ஸ்டூல் மேல் மாத்திரை அட்டைகள், வாந்தி எடுக்க ஒரு பிளாஸ்டிக் பேசின், மூலையில் மேசை ஃபேன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. என்ன அண்ணி, பயந்துட்டீங்களா என்று அவரே சிரித்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டியவள், பதற்றத்தில் கொஞ்சம் மண் வேண்டும் என்று கேட்டுவிட்டேன். சித்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அவர் முகத்தில் உயிர் வந்தது. எத்தனை இலை விட்டிருக்கிறது, மஞ்சள் கீழிலையிலா கொழுந்திலா, மழை எப்போது பெய்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மேல் மண்ணை வழிக்க வேண்டாம், போன அறுவடைக் கட்டை நிற்கிற வரிசையில் ஒரு சாண் ஆழத்தில் எடுக்க வேண்டும், வெயில் படாமல் ஈரச் சாக்கால் மூட வேண்டும், பொழுது சாய்ந்துதான் போட வேண்டும் என்றார். இந்த வருஷம் விதைக்க முடியாமல் அவர் நிலம் கட்டையும் களையுமாகக் கிடந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார், தூங்கிவிட்டார் என்று நான் எழுந்தேன். “அண்ணன் கேட்டு அனுப்பினாரா, நீங்களா வந்தீங்களா அண்ணி?” என்றார். நானாகத்தான் வந்தேன் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. “எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ஆனா அண்ணனை வந்து எடுக்கச் சொல்லுங்க” என்றார். அண்ணனைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று எனக்கு நன்றாகப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், மஞ்சளாகவே போகட்டும், அவன் மண்ணில் எனக்கு என்ன வேலை என்றார். எனக்கு வந்த கோபத்தில் பேசியதை எல்லாம் எழுதினால் அம்மா மேல் உனக்கு இருக்கும் மரியாதை போய்விடும். சாகக் கிடக்கிறவனிடம் என்ன வீம்பு, அவன் போன பிறகு யாரிடம் முறைத்துக்கொண்டு நிற்கப் போகிறீர்கள் என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. கூடையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். என் முழங்கால் லட்சணம் உனக்குத் தெரியும். பாதி வழியில் அப்பா பின்னால் வந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள். பொழுது சாயும்வரை அவர் வெட்டினார், நான் சாக்கை நனைத்து மூடினேன். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் நாங்கள் நன்றாகத் தெரிவோம், அப்பா ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. சித்தி காபி கொண்டுவந்தாள், வாங்கிக் குடித்தார். உள்ளே ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னாள். கால் எல்லாம் மண், இன்னொரு நாள் வருகிறேன் என்றார். கழுவத் தண்ணீர் வாசலிலேயே இருந்தது.

மண்ணைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிய பிறகு நான்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தபால்காரி. பச்சை திரும்பியதா, யூரியா போடாமல் இருக்கிறாரா, போட்டால் கையைக் கட்டி வையுங்கள் என்று சித்தப்பா கேட்பார். அப்பா நேராகக் கேட்க மாட்டார், அந்த வீட்டு ஜன்னல் ஏன் சாத்தியிருக்கிறது, டாக்டர் வண்டி வந்த மாதிரி இருந்ததே என்று சுவரிடம் கேட்பார். நானும் சுவருக்கே பதில் சொல்வேன். ஒரு மழை பெய்தது, அதற்குப் பிறகு விட்ட கொழுந்தெல்லாம் பச்சையாக வந்தது. அதை நான் போய்ச் சொன்ன அன்று சித்தப்பா தலையை மட்டும் அசைத்தார். வலிக்குக் கொடுக்கும் மருந்தைக் கூட்டியிருந்தார்கள், விழித்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அப்பாவிடம் தினமும் சொன்னேன். வெறுங்கையோடு போய் என்ன பேசுவது என்று ஒரு நாள் கேட்டார். அப்போதுதான் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது, மனுஷன் வெட்கத்தில்தான் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பூ எடுத்ததும் ஒரு செடியைத் தோண்டிப் பார்க்கச் சொல்லியிருந்தாள் மண் டாக்டர். பூத்த செடியை எப்படிப் பிடுங்குவது என்று அப்பா இதைத் தொட்டார், அதைத் தொட்டார், எனக்குப் பொறுமையே போய்விட்டது. கடைசியில் ஒன்றைத் தோண்டி வாய்க்காலில் அலசினார். வேர் முழுக்க முடிச்சு. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் பயனில்லை, உள்ளே சிவந்திருந்தால்தான் வேலை செய்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள். அப்பா ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தார். குழந்தையின் ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தது. செடியை ஈரத் துண்டில் சுற்றிக்கொண்டு, வரப்பைத் தாண்டி, சேற்றுக் காலோடு அந்த வீட்டுக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன்.

சித்தப்பா முந்தின நாளிலிருந்தே கண் திறக்கவில்லையாம். சித்தி உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “தம்பி, பிடிச்சிருச்சுடா. உள்ள சிவப்பா இருக்கு, பாரு” என்றார். வேரைச் சித்தப்பாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். கையை எடுத்ததும் விரல்கள் பிரிந்துகொண்டன. மறுபடி மூடி, தன் கையாலேயே பிடித்துக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. எந்த மூலையில் செடி உயரம், எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தப் பூச்சி வந்து போனது, மோட்டார் எங்கே ஒழுகுகிறது, எல்லாம் சொன்னார். சர்வேயரைப் பற்றி ஒரு சொல் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. “உன் மண்ணுதான்டா, எல்லாம் உன் மண்ணுதான்” என்று மட்டும் நடுநடுவே சொன்னார். சித்தி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சித்தப்பாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு தடவை இமை அசைந்தது போல இருந்தது, ஃபேன் காற்றாகவும் இருக்கலாம். மறுநாள் விடியும்போது மூச்சு நின்றுவிட்டது. ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான் கண்ணா, அப்பா பேசினார். சித்தப்பா கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

இப்போது காய் பிடித்திருக்கிறது, குறையில்லாமல் விளையும் என்கிறார்கள். அந்தப் பக்கத்து நிலத்தை இனி யார் பார்ப்பது என்று சித்தி கேட்டாள், நான் இருக்கிறேன் இல்லையா என்று அப்பா அதட்டினார். அவள் பாதி நாள் நம் வீட்டில்தான் இருக்கிறாள், தனியாக உலை வைக்க மனசு வரவில்லையாம், வாரம் ஒரு தடவையாவது அவளிடம் பேசு. குளிர்காலம் வருகிறது, சாக்ஸ் போடாமல் தரையில் நடக்காதே, பார்சல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், வேலை செய்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் தினமும் கை கழுவி எழும்போது, அவனுக்குக் கேட்டிருக்குமா என்று என்னிடம் கேட்கிறார். கேட்டிருக்கும் என்கிறேன். உனக்கு எப்படித் தெரியும் என்கிறார்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் கை பட்டு நாலு பேர் எழுந்து நடக்கட்டும், உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாய், கடைசி நேரத்தில் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறாய். அந்த நிலையில் காது கேட்குமா கேட்காதா என்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குச் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது ஃபோனை அப்பாவிடம் கொடுக்கச் சொல். அவராகக் கேட்க மாட்டார், நீயாகப் பேச்சை எடுத்து, சித்தப்பாவுக்குக் கேட்டிருக்கும் அப்பா என்று சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவார்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா