காலில்லாத மணப்பெண்

ஜனவரி 8, 1953
முதலாளி வரைந்த கல்யாண உடைப் படத்தைத் தையலறைச் சுவரில் குத்தியிருக்கிறார்கள். கரிக்கோலால் நாலு இழுப்பு. இதற்குப் பாரிஸே வாய் பிளக்குமாம்! படத்துக்காரிக்குக் கொக்குக் கழுத்து. இடுப்பு என் மணிக்கட்டு பருமன். ரொட்டியைக் கண்ணால் பார்த்து எத்தனை நாளோ என்று உரக்கவே சொன்னேன்.

"சொலாஞ்ஜ் அக்கா, மெதுவா. மேல கேட்டுடும்" என்றாள் பக்கத்து நாற்காலி ழினெத்.

"கேக்கட்டும்டி. அவளுக்குக் காலே போடல பாரு. கோயிலுக்கு யாரு தூக்கிட்டுப் போறது?" என்றேன்.

ஜனவரி 13
துணிக்கட்டு சுமந்து வரும் ஆர்சேன், பின்வாசலில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். "ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றீங்களா? தங்கச்சி முயல் சமைப்பா."

நாற்பத்தெட்டு வயசுக்காரியிடம் கேட்கிற கேள்வியா? "உங்க மீசைக்குத் தனியா ஒரு தட்டு வைப்பாளா?" என்றேன். தையலறையே சிரித்தது. அவர் காது சிவந்துபோயிற்று.

ஜனவரி 16
துணியை வேறு எவனோ கொண்டுவந்தான். வராவிட்டால் போகட்டும். எனக்கென்ன?

ஜனவரி 20
கல்யாண உடையின் கீழ்மடிப்பு இன்று. குமரிகள் ஆளுக்கொரு தலைமுடியை உள்ளே வைத்துத் தைக்கிறார்கள். வருஷத்துக்குள் மாப்பிள்ளை வருவானாம். முடிக்கு மயங்குகிறவன் சீப்பைக் கட்டிக்கொள்ளட்டும்.

"நீங்களும் ஒண்ணு வைங்கக்கா" என்றாள் ழினெத்.

"என் முடிய வச்சா சவப்பெட்டிக்காரன்தான்டி வருவான்."

மத்தியானம் எல்லோரும் சூப் குடிக்கப் போனார்கள். நான் போகவில்லை. பசியில்லை.

ஜனவரி 28
உடையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நடந்து காட்டினாள். "இது என் படம் இல்ல!" என்று முதலாளி குதித்தார். படத்திலிருப்பவள் மூச்சு விடமாட்டாள் ஐயா, இவள் விடுகிறாள். இது தெரியாத ஒரு மேதை! கீழ்மடிப்பு முழுக்கப் பிரிக்க வேண்டுமாம்.

ழினெத் பிரித்தாள். ஒரு முடியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "யாரோட நரைமுடி இது?"

"பூனையோடது" என்றேன்.

"இங்க பூனை ஏதுக்கா?"

இந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய் நீளம்.

ஜனவரி 30
முடியும் போச்சு. இனி என்ன? காலில்லாதவள் படத்துக்காரிதானே, நான் இல்லையே.

துணிக் கிடங்குக்கு நடந்தே போனேன். ஆர்சேன் மூட்டையை இறக்கி வைக்காமலே நின்றார்.

"அந்த முயல் இன்னும் இருக்கா, இல்ல ஓடிப் போயிடுச்சா?" என்றேன்.

மூட்டையை மெல்லக் கீழே இறக்கினார். பிறகு, "மீசைக்கும் தட்டு வச்சிடலாம்" என்றார்.

பிப்ரவரி 1, ஞாயிறு
முயலில் உப்பே இல்லை. மீசையெல்லாம் குழம்பு. இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.