கரண்டு போனபோது கேட்டது

12-9-1996, வியாழன்

நாளை பள்ளிக் கண்காட்சி. ஈர்ப்பு அலையைப் பிடிக்கும் கருவிக்கு நான் செய்த மாதிரி இன்னும் ‘உம்’ என்றே இரைகிறது. நூலில் தொங்கும் காந்தம் துளி அசைந்தாலும் ஹெட்போனில் கேட்க வேண்டும். இரைச்சலோடு கொண்டுவந்தால் மேசை கிடையாது என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள்.

இரைச்சல் எதிலிருந்து வருகிறது என்று பார்க்க, வீட்டில் ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னேன். அம்மா குக்கரை இறக்கினாள். அப்பா ரகசியக் குரலில் பேசினார்.

“ஏட்டி, மூச்சாவது விடலாமா?” என்றாள் அம்மா.

“காதுல கேக்குத சத்தம் இல்லம்மா. கரண்டுல உள்ளது.”

ட்யூப்லைட், ஃபேன், கடைசியில் மெயினையே அணைத்தும் போகவில்லை.

அப்புறம் தெரு முழுவதும் கரண்டு போனது. கருவி பேட்டரியில் ஓடுவது. ‘உம்’ நின்றுவிட்டது! அது தெருக் கம்பியிலிருந்துதான் வந்திருக்கிறது. அடுக்களையில் அம்மா நடப்பது ஹெட்போனில் கேட்டது. கூப்பிட்டுக் காட்டுவதற்குள், “ஏ, கரண்டு வந்துட்டு!” என்று தெருவே கூவியது. ‘உம்’மும் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

நாளை பள்ளியில் கரண்டு போனால் போதும். சாமியிடம் கேட்கத்தான் போனேன். ஆனால் என் பக்கத்து மேசை பாத்திமாவுக்கு. அவள் செய்திருக்கும் பாபநாசம் அணையில் கரண்டு இருந்தால்தான் குட்டி பல்புகள் எரியும். திருநீறு பூசிக்கொண்டு, எதையும் கேட்காமல் வந்துவிட்டேன்.