பூனைக்குச் சொன்ன மரியாதை

2016 ஜனவரி 18, கரைத்தீவு

டோஹாவிலிருந்து வந்து பதினோராம் நாள். என் புருஷன் மிர்ஸா இன்றைக்குக் கிணற்றுக்குள் வாளியை விட்டுவிட்டார், கயிற்றோடு சேர்த்து. பக்கத்து வீட்டு மர்ஷூதா ராத்தா வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு நாளாக அவருக்கு வேறு வேலை இல்லை. பேரைக் கேட்டதும் என் மாப்பிள்ளை பாகிஸ்தான்காரர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் அவர்தான். ஆறடி மூன்று அங்குலத்தில், அவித்த இறால் நிறத்தில் ஒரு பொஸ்னியாக்காரர் வாடகை வானின் கதவால் குனிந்து இறங்கியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

உம்மா மருமகனின் முகத்தை இன்னும் நேராகப் பார்க்கவில்லை. குசினித் திரைக்குப் பின்னால் நின்று பூனையிடம் சொல்கிறார்: "சாப்பாடு ஆறுது, வரச் சொல்லு."

பூனை சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

ஜனவரி 23

எங்கள் வீடுகளில் மருமகன் பீங்கானில் கொஞ்சம் சோறு மிச்சம் வைக்க வேண்டும். வழித்துச் சாப்பிட்டால் போதவில்லை என்று அர்த்தம். மிர்ஸா யுத்தத்துக்குள் வளர்ந்தவர், ஒரு பருக்கை விடமாட்டார். அவர் வழிக்க வழிக்கத் திரைக்குப் பின்னாலிருந்து அகப்பை நீளுகிறது. மத்தியானம் நான்கு தரம் நீண்டது. மிச்சம் வையுங்கள் என்று காதுக்குள் சொன்னேன். சாப்பாட்டை எறியச் சொல்கிறாயா என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார். பிறகு, வயிறு வெடிக்கப்போகிறது, உன் தாயிடம் தயவுசெய்து சொல் என்றார்.

நான் திரையைப் பார்த்து, "நல்ல ருசியாம் உம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? காலை ஏழு மணியிலிருந்து அடுப்படியில் நிற்கிற மனிசியிடம் வேறு என்னத்தைச் சொல்வது? ஐந்தாவது அகப்பை வந்தது.

பெப்ரவரி 6

நான்கு கிலோ கூடிவிட்டார்.

பெப்ரவரி 14

மிர்ஸா பாத்திரம் கழுவப் போகிறேன் என்று குசினிக்குள் நுழைந்தார். உம்மா பின்கதவால் பாய்ந்து மர்ஷூதா ராத்தா வீட்டுக்குப் போனவர், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுத்தான் திரும்பி வந்தார். தான் என்ன பிழை செய்தேன் என்று மிர்ஸா கேட்டார். ஒன்றுமில்லை, இது மரியாதை என்றேன். மருமகனுக்கு முன்னால் மாமி நிற்பதில்லை, நேருக்கு நேர் கதைப்பதில்லை, பேர் சொல்வதில்லை, எல்லாமே மரியாதைதான் என்று விளக்கினேன்.

பொஸ்னியாவில் ஒரு ஆளைப் பிடிக்காவிட்டால் சரியாக இதையெல்லாம்தான் செய்வோம் என்றார்.

மார்ச் 2

நளீர் காக்காவின் பேக்கரியில் மிர்ஸா வேலைக்குச் சேர்ந்து ஒரு கிழமை. அவருடைய உருண்டைப் பாணைச் சனம் கல்லுப்பாண் என்று சொல்லிக்கொண்டே வாங்குகிறது. தமிழும் பேசத் தொடங்கிவிட்டார். ஆனால் ஏதோ கோணலாக இருக்கிறது. கடைக்கு வருகிறவர்களிடம், "பாண் இருக்காம்" என்கிறாராம். மௌலவி சுகம் விசாரித்ததற்கு, "எனக்கு சுகமாம்" என்றாராம். பின்னேரம் என் தம்பி ஹுனைஸ் வந்தான். மிர்ஸா கதிரையைக் காட்டி அவனிடம் மிகப் பணிவாக, "இருக்கச் சொல்லு" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று ஹுனைஸ் சுற்றுமுற்றும் பார்த்தான்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. இந்த வீட்டில் அவர் கேட்கிற தமிழ் இரண்டே வகை. உம்மா பூனையிடம் சொல்வது எல்லாம் 'சொல்லு' என்று முடியும். நான் உம்மாவிடம் சொல்வது எல்லாம் 'ஆம்' போட்டு முடியும். பசிக்குதாம், போதுமாம், தலையிடியாம். தமிழ் என்றால் அப்படித்தான் முடியும் என்று மனிசன் படித்துவிட்டார்.

சிரித்துச் சிரித்து வயிறு நொந்துபோனது. பிறகு சிரிப்பு வரவில்லை. இரண்டு மாதமாக இந்த வீட்டில் ஒருவருமே அவரிடம் நேராகத் தமிழில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் டோஹாவில் ஒன்றாக வேலை செய்த ஹோட்டலின் ஆங்கிலம்தானே கதைக்கிறோம்.

மார்ச் 19

உம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவரோடு ஒரே ஒரு சொல் கதைத்தால் என்ன குறைந்துவிடும் என்று.

"அதெப்பிடி? அவர்ட மரியாதை என்னாகும்?" என்றார். "எங்கட உம்மா உன்ட வாப்பாவோட பதினெட்டு வருஷம் ஒரு சொல் கதைக்கல்ல. மௌத்தாகி மூச்சடங்கக்குள்ளயும் கதைக்கல்ல. அவ்வளவு விருப்பம் மருமகனில."

இதை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது?

ஏப்ரல் 9

டோஹாவிலிருந்து ஈமெயில். பழைய ஹோட்டலில் மிர்ஸாவுக்குத் தலைமை பேக்கர் வேலை. எனக்கும் ரிசெப்ஷனில் பழைய இடம். மே 31க்குள் பதில் வேண்டும்.

போவோம் என்கிறார்.

நான் கத்திவிட்டேன். எட்டு வருஷம் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் யார் யாருக்கோ குட் மோர்னிங் சொன்னவ நான், இனி ஏலாது, செத்தாலும் ஏலாது என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிராது. விளங்கியிருக்கும். பிறகு சொன்னார்: வெக்கை பழகிவிட்டது, நுளம்புக் கடியும் பழகிவிட்டது, கிணறுகூடப் பழகிவிட்டது. தன் தாய் இறக்கும்போது தனக்குப் பத்தொன்பது வயதாம். எனக்கு ஒரு தாய் இருக்கிறார் என்று நீ சொன்னாய், அதற்காகத்தான் வந்தேன் என்றார். அந்தத் தாய் தன்னைக் கண்டால் ஓடுகிறாராம்.

(பார், எனக்கும் 'ஆம்' ஒட்டிக்கொண்டுவிட்டது.)

அழுதேன். அவரும்.

ஏப்ரல் 10

உம்மாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 27

சொல்லாவிட்டால் என்ன, டோஹா என்ற சொல் எந்தப் பாஷையிலும் டோஹாதானே. காலையில் உம்மா மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டே பூனையிடம் கேட்டார்: "டோஹா போறதெண்டா எப்பயாம்?"

நான் வாயைத் திறக்கவில்லை. பூனையும்.

மே 11

என்னத்தை எழுத. சிரிக்கவா பயப்படவா தெரியவில்லை.

காற்றுக்குக் குசினிக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. உம்மா கிணற்றடியில். மிர்ஸா சுவர்த் தட்டில் ஒரு நல்ல கட்டையைக் கண்டெடுத்து, கதவுக்கு அடியில் வைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். அது கட்டை இல்லை. மாசி. நோன்புக்குச் சம்பல் இடிக்கவென்று உம்மா மூன்று மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த முதல்தர மாலைதீவு மாசிக் கருவாடு. கட்டை மாதிரித்தான் காய்ந்திருக்கும், அவர் என்ன செய்வார் பாவம்.

உம்மா வந்து பார்த்தார். திரை இல்லை, பூனை இல்லை, தலையில் முந்தானைகூட இல்லை. நேரே அவருடைய நெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். உம்மாவின் உயரம் அவ்வளவுதான்.

"அறிவிருக்கா உனக்கு? கண்ணென்ன பொடரியிலயா இருக்கு? மாசியக் கொண்டு கதவுக்கு ஆப்பு வைக்கிறவன எந்த ஊர்ல கண்டிருக்கு? தள்ளுடா அங்கால!"

பிறகு, தான் சொன்னது என்ன என்பது அவருக்கே விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கொளுக்கியைப் போட்டுவிட்டார்.

மிர்ஸா சுத்தியலோடு என் பக்கம் திரும்பினார். அவ்வளவும் எனக்கா சொன்னார் என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்றேன்.

பூனைக்கு இல்லையா என்றார்.

மே 12

உம்மா கதவைத் திறக்கவில்லை. மருமகனை 'டா' போட்ட வாயோடு மறுமையில் எப்படிப் பதில் சொல்வது என்று உள்ளே அழுகிறார். வெளியில் மருமகன் சீட்டியடித்துக்கொண்டு திரிகிறார். தலாக் வரைக்கும் போய்விட்டதா என்று அறிய மர்ஷூதா ராத்தா சீனி இரவல் கேட்டு வந்தார், இரண்டு தரம்.

மிர்ஸா கொப்பியைக் கொண்டுவந்து உம்மா ஏசிய ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டார். பொடரி உட்பட ஒன்றையும் மாற்றாமல் சொன்னேன். நான்கு மாதத்தில் நான் பொய் கலக்காமல் மொழிபெயர்த்தது அதுதான்.

மே 13, வெள்ளி

மிர்ஸா ஜும்ஆ தொழுது வந்து உம்மாவின் கதவடியில் போய் நின்றார்.

"மாமி, வெளிய வாங்க. எனக்குப் பசிக்குது."

நான் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கே பொறுக்கினாரோ. கொஞ்ச நேரத்தால் கொளுக்கி எடுபட்டது. உம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

"பொறு" என்றார். அவரிடம்.

மே 20

நான்கு நாள் அடைமழை. ஒருவரும் வெளியே போகவில்லை. உம்மா நான்கு மாதத்துக் கதையையும் சேர்த்து ஏசித் தீர்க்கிறார்: வாளியை விட்டது, செருப்போடு உள்ளே வந்தது, நோஞ்சான் மாதிரி அரைக் கோப்பை தேத்தண்ணி குடிப்பது. இதுவும் மரியாதையா என்று மிர்ஸா என்னைக் கேட்டார். இல்லை, இதுதான் உம்மா என்றேன்.

பின்னேரம் இரண்டு பேரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். உம்மா தொண்ணூறாம் ஆண்டுக் கதையைச் சொல்கிறார்: யாழ்ப்பாணத்தில் முஸ்லிம் ஆட்களுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட இயக்கக்காரர் இரண்டு மணித்தியாலம் கொடுத்தது, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தது. மிர்ஸா யுத்தத்தில், ஒன்பது வயதில், தன்னை ஊரைவிட்டு ஏற்றிக்கொண்டு போன பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறார். நடுவில் அவருடைய தமிழை உம்மா திருத்துகிறார்.

"பிறகு வீட்டப் போய்ப் பாத்தியா?"

"பாத்தன். கூரை இல்ல."

"எங்கடயும் இல்ல" என்றார் உம்மா.

வெங்காயம்தான் என்று இரண்டு பேரும் கண்ணைத் துடைத்தார்கள்.

மே 29

நாளை மறுநாள் கடைசி நாள். மிர்ஸா ஈமெயிலுக்குப் பதில் போடவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. கேட்டால், போவோம் என்றுவிடுவாரோ.

பத்து மணிபோல நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. அவர் குசினியில் முழங்கை வரை மாவோடு. போனை எடுத்தது உம்மா. ஜன்னலால் கேட்டுக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் யாரோ மிர்ஸா என்றும் டோஹா என்றும் சொன்ன சத்தம்.

"ஓம், இஞ்சதான் இருக்கார்" என்றார் உம்மா. "ஆனா வரமாட்டார். நீங்க வேற ஆளப் பாருங்க."

கட் பண்ணினார். போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு கோழிக்குத் தீன் போடப் போய்விட்டார்.

நான் ஈரக் கையோடு ஓடினேன். மிர்ஸா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். உம்மா என்ன சொன்னார் என்று மொழிபெயர்க்கத் தொடங்கினேன். விளங்கியது என்று தலையாட்டினார். திரும்ப அழைத்துப் பேசப் போகிறீர்களா என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன்.

அவர் அலுமாரியைப் பார்த்தார்.

"சாவி மாமியிட்ட இருக்கு" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, மாவைப் பிசையப் போய்விட்டார்.