மஞ்சள் அம்பு

என் அருமைத் தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். உன் நலத்தை மாப்பிள்ளை தினமும் போனில் சொல்கிறார். ஆனால் "நல்லா இருக்கா" என்று அவர் சொல்கிற குரலை வைத்து எதையும் நம்ப முடியவில்லை. அந்த மனிதருக்குப் பொய்யும் சொல்ல வராது, மெய்யும் சொல்ல வராது.

இந்தக் காலத்தில் போய்ப் பேனா பிடிக்கிறாளே என்று சிரிக்காதே. பேசினால் உனக்கு மூச்சு வாங்குகிறது என்கிறார்கள். நீ செய்து கொடுத்த கம்ப்யூட்டர் மேசையில் தட்டி அனுப்பினால் உன் மகள் கண்ணில் பட்டுவிடும். அவள் பார்க்கக் கூடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளை, இதை என் தங்கைக்குப் படித்துக் காட்டுங்கள். இடையில் இருமுவதுபோல் நிறுத்தி, எந்த வரியையும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் வாண்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள். இவ்வளவு ஒழுங்கு எனக்குப் பிடிக்கவில்லை. நம் வீட்டில் ஒன்பது வயதில் யார் ஒழுங்காக இருந்தோம்? உன் அத்தான் இரண்டு பேருக்குச் சமைத்தே பழகியவர். மூன்றாவதாக ஒருத்தி வந்ததிலிருந்து உப்பு அளவு தவறுகிறது. அவளும் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிடுகிறாள். அவருக்கு அதுதான் வருத்தம். திட்டினால் தேவலை என்கிறார்.

என் டிரைவிங் ஸ்கூலில் ஒரு பல் டாக்டர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஊராரை வாயைத் திறக்கச் சொல்லியே சம்பாதித்த மனிதர், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். என் பக்கத்தில் இன்னொரு பிரேக் இருப்பதால் இதை எழுத நான் உயிரோடு இருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மேசையைப் பற்றித்தான்.

ஆபீஸுக்கு நீ செய்தது பெரியது, நமக்குச் செய்தது சின்னது என்றாய். எனக்கு இரண்டும் மாயம்தான். பிரவுசரைத் திறந்து முகவரியைத் தட்டினால் அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டரே உட்கார்ந்திருக்கிறது. ஃபோல்டர்கள், கடிகாரம், இழுத்தால் நகர்கிற ஜன்னல்கள், எல்லாம். எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் வைத்தது வைத்த இடத்தில் இருக்கிறது. நான் வாயைப் பிளந்தபோது, "எல்லாம் வெறும் பெட்டிக்கா. எதத் தொடுறியோ அதுக்குப் பெரிய நம்பர் குடுத்தா அது மேல வந்து நிக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லிச் சிரித்தாய். நம் நாலு பேருக்கும் நாலு நிறத்தில் அம்பு கொடுத்தாய். எனக்கு நீலம், அத்தானுக்குப் பச்சை, வாண்டுக்குச் சிவப்பு, உனக்கு மஞ்சள். மாப்பிள்ளை தனக்கு வேண்டாம் என்றுவிட்டார். யார் எங்கே மவுஸை அசைத்தாலும் அவர்கள் அம்பு எல்லோர் திரையிலும் அசையும்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வாண்டிடம் நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. முகம் பார்க்க முடியாது, பேச முடியாது, ஆனால் சாயங்காலம் மஞ்சள் அம்பு வந்தால் அது அம்மா என்றாய். அதன்படியே வந்தது. வீட்டுப்பாடம் முடிகிற வேளைக்கு இடது ஓரத்திலிருந்து கிளம்பும். அவள் வரைந்த படம் இருக்கும் ஜன்னலை ஒரு சுற்றுச் சுற்றும். நடுவில் இரண்டு முறை தட்டும். மேலே போய் மறையும். "அம்மா பாத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு வாண்டு கம்ப்யூட்டரை மூடுவாள். அந்த நேரத்துக்காக அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் ஸ்டியரிங் பிடிக்கும் பிறர் கையைப் பார்த்தே பிழைப்பவள். அந்த அம்பின் போக்கில் ஒரு தடுமாற்றமும் இல்லை, ஒரு யோசனையும் இல்லை. உனக்கு உடம்பு தேறுகிறது, கை உறுதியாக இருக்கிறது என்று அத்தானிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். மடச்சி நான்.

போன வாரம் எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டியவர்கள் நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். தெரு முழுக்க நெட் இல்லை. அன்றும் வாண்டு மேசையைத் திறந்தாள். ஒருமுறை வந்ததை பிரவுசர் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும், அதனால் நெட் இல்லாமலும் மேசை திறக்கும், மற்றவர்களின் அம்புகள் மட்டும் நெட் இருந்தால்தான் வரும் என்று நீ எப்போதோ ரயிலில் எனக்குப் பாடம் நடத்தினாய். அது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மஞ்சள் அம்பு வந்தது. நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பாரு, உங்கம்மா வந்துட்டா" என்றேன்.

வாண்டு என்னைப் பார்க்கவில்லை. ரவுட்டரைப் பார்த்தாள். அதில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெருவே அறுந்து கிடக்கும்போது நீ எந்த வழியாக வந்தாய்?

தெரியாததுபோல் இருந்துவிடலாம் என்று கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள்தான் பின்னாலேயே வந்தாள். "பெரியம்மா, எனக்கு முன்னாடியே தெரியும். அது அம்மா இல்ல. அம்மா எழுதி வெச்ச புரோகிராம்" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு நாள் படத்து ஜன்னலை வேறு பக்கம் நகர்த்தி வைத்திருந்தாளாம். "அம்மா பழைய எடத்தையே சுத்துனாங்க. அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் எடத்துல ரெண்டு தடவ தட்டிட்டுப் போயிட்டாங்க."

அதற்குப் பிறகு அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? தினமும் அந்த வேளைக்கு முன்பே ஜன்னலைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு வந்து, இம்மிகூடத் தவறாமல் வைத்துவிடுகிறாள். ஏன்டி என்று கேட்டேன். "அம்மா வெறும் எடத்தச் சுத்தக் கூடாதுல்ல" என்றாள்.

தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள். நீ அவளுக்காக நடித்தாய், அவள் உனக்காக நடிக்கிறாள். நடுவில் நான்தான் எதுவும் புரியாமல் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. உடனே மாப்பிள்ளைக்குப் போன் செய்து கத்தினேன். அவர் முதலில் மழுப்பினார், பிறகு உடைந்துவிட்டார். மருந்தால் உன் கை நடுங்குகிறதாம், ஸ்பூன்கூடப் பிடிக்க முடிவதில்லையாம். அந்த நடுக்கத்தைக் குழந்தை பார்க்கக் கூடாது என்று, வீட்டில் இருந்தபோதே உன் கையசைவைப் பதிந்து மேசைக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டு வந்தாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை? என் எலும்பு மஜ்ஜை உனக்குப் பொருந்தவில்லை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் இருக்கிறேன். இதையாவது என்னிடம் கொடுத்திருக்கலாம். சுமந்திருப்பேன்.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ பயந்துபோய்ச் செய்த காரியம் அது. ஆனால் வாண்டு என்னிடம் கேட்ட கேள்வியை நீ கேட்டே ஆகவேண்டும். "அம்மா போறதுக்கு முன்னாடியே இத எழுதி வெச்சுட்டாங்கன்னா, திரும்பி வர முடியாதுன்னு அவங்களுக்கு அப்பவே தெரியுமா பெரியம்மா?"

அதெல்லாம் இல்லடி என்றேன். "நீங்களும் அப்பா மாதிரியே சொல்றீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

இதற்கு நான் என்ன பதில் சொல்வேன்? என்னால் முடியாது. உன்னால்தான் முடியும். யாரோ ஒருவரின் மஜ்ஜையை உனக்கு ஏற்றுவதற்கு முன்னால் கண்ணாடி அறைக்குள் உன்னைத் தனியாக வைத்துவிடுவார்கள், அதன் பிறகு எதையும் தொட விடமாட்டார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்கு முன் ஒரே ஒரு நாள் நீயாக வா. பதிந்து வைத்ததை மாப்பிள்ளையைக் கொண்டு முதலில் அழித்துவிடு. எப்படி என்று நீ சொன்னால் அவர் செய்வார். நிதானமாகச் சொல், அவருக்கு எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். பிறகு மவுஸில் கையை வை. நடுங்கினால் நடுங்கட்டும். என்னிடம் வருகிறவர்களில் கை நடுங்காமல் ஸ்டியரிங்கைத் தொட்டவர்கள் யாரும் இல்லை. உன் மகள் நீ நினைப்பதைவிட அதிகம் தாங்குவாள். அவளால் தாங்க முடியாதது அந்த நடுங்காத அம்பைத்தான்.

உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நீ பல்லாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா

*

என் செல்லத் தங்கைக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நாளை மறுநாள் உன்னை அந்த அறைக்குள் கொண்டுபோகிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்குள் இது உன் கைக்கு வரவேண்டும் என்று கூரியர்க்காரரை வாசலில் நிற்கவைத்துவிட்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அவர் வாட்சைப் பார்ப்பதுதான் காரணம்.

நேற்று நீ வந்தாய்.

இரண்டு நாளாக மஞ்சள் அம்பே வரவில்லை. வாண்டு ஜன்னலை மட்டும் தினமும் பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். நேற்று மதியம் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் மேசையைத் திறந்தாள். கடிகாரத்தின் பக்கத்தில், வழக்கமே இல்லாத இடத்தில், மஞ்சளாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தானும் ஈரக் கையோடு வந்து பின்னால் நின்றார்.

நீ பட்ட பாட்டை நாங்கள் மூவரும் பார்த்தோம். படத்தை நோக்கி வந்தாய், தாண்டிப் போனாய், திரும்பினாய், மறுபடி தாண்டினாய். தெரியாமல் எதையோ தொட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவிட்டாய், அதை மூடப் படாதபாடு பட்டாய். வாண்டு தன் சிவப்பு அம்பைக் கொண்டுபோய் மூடிக் கொடுக்கப் பார்த்தாள். நான் தடுத்துவிட்டேன். "அவளே செய்யட்டும், கைய எடு" என்றேன். பிரேக்கில் கால் வைக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் என் தொழிலிலேயே கஷ்டமான வேலை. நேற்று அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் படத்தைப் பிடித்துவிட்டாய். நடுவில் கொண்டுவந்து வைக்க நினைத்தாய்போல. ஓரத்தில் கை நழுவிப் படம் குப்பைத்தொட்டிக்குள் விழுந்துவிட்டது.

உன் அம்பு அப்படியே திகைத்து நின்றது. அப்போது வாண்டு போட்ட கூச்சல் தெருமுனைக்குக் கேட்டிருக்கும். "அம்மாதான்! அம்மாவேதான்! என் படத்தக் குப்பைல போட்டுட்டாங்க!" என்று குதித்தாள். சிரித்தாள், சிரித்துக்கொண்டே என் மடியில் விழுந்து அழுதாள். நீ போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது நேற்றுத்தான். அழட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், சிவப்பு அம்பை மஞ்சள் அம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். உன்னுடையது ஆடிக்கொண்டே இருந்தது, அவளுடையது அசையவே இல்லை. நீ போகும்வரை இரண்டும் அப்படியே நின்றன. அத்தான் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி கழுவப் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை என்று வாண்டு அவரைத் திட்டினாள். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

அவள் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவில்லை. நானும் அதைக் கிளறவில்லை.

நீ தைரியமாக உள்ளே போ. குழந்தையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீ நூறு வயது இருக்க வேண்டும், எங்களையெல்லாம் அனுப்பிவிட்டுத்தான் நீ கிளம்ப வேண்டும். இது அக்காவின் ஆணை.

ஒரே ஒரு காரியம் பாக்கி. குப்பையிலிருந்து படத்தை எடுத்து வைக்கச் சொன்னால் வாண்டு மாட்டேன் என்கிறாள். "அம்மா போட்டது. அம்மாவே வீட்டுக்கு வந்து எடுத்துக் குடுக்கட்டும்" என்கிறாள். யாரையும் தொட விடவில்லை. அந்தக் குப்பைத்தொட்டி கொஞ்ச நாள் போனால் தானாகக் காலியாகிவிடும் என்று நீ சொன்ன ஞாபகம். உள்ளே போகும் முன் மாப்பிள்ளையிடம் சொல்லி அதை நிறுத்தி வைத்துவிட்டுப் போ. எத்தனை நாளானாலும் பரவாயில்லை, நாங்கள் காத்திருக்கிறோம்.

உன் வருகைக்காக வாசலைப் பார்த்தபடி,
அக்கா